மூன்று பேர் சொன்னால் புலி வரும்



சீன மொழியில் நான்கே எழுத்துகளில் ஒரு மரபுத்தொடர் இருக்கிறது: ‘சான் ரென் செங் ஹு’. மூன்று பேர் சேர்ந்தால் புலி உண்டாகும் என்பது அதன் நேர்ப்பொருள். முதல் தடவை கேட்கும்போது, ஒற்றுமையைப் புகழ்கிறார்கள் என்றுதான் நமக்குத் தோன்றும். உண்மையில் இதில் புகழ்ச்சி துளியும் இல்லை. இது கசப்போடு சொல்லப்படும் எச்சரிக்கை. அந்தக் கசப்பு எங்கிருந்து வந்தது என்பதை அறிய வரலாற்றைப் பார்க்க வேண்டும்.

சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன்னர் சீனா பல அரசுகளாகப் பிரிந்து போரிட்டுக்கொண்டிருந்தது. ஒப்பந்தம் காக்கப்பட வேண்டும் என்பதற்காக ஓர் அரசின் இளவரசரை மற்ற அரசில் பிணையாக வைப்பது அன்றைய வழக்கம். அப்படி வெய் நாட்டு இளவரசர் சாவ் நாட்டின் தலைநகரான ஹான்டானுக்கு அனுப்பப்பட்டார். கூடவே போனவர் பாங் சோங் என்ற அதிகாரி. ‘சான்குவோ செ’ என்ற பழைய நூல் இதைச் சொல்கிறது.

புறப்படும் முன் அவர் அரசரிடம் ஒரு கேள்வி கேட்டார். சந்தையில் புலி நிற்கிறது என்று ஒருவர் வந்து சொன்னால் நம்புவீர்களா? இல்லை என்றார் அரசர். இரண்டு பேர் சொன்னால்? சந்தேகம் வரும் என்றார். மூன்று பேர் சொன்னால்? நம்புவேன் என்றார்.

சந்தையில் புலி இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் மூன்று வாய் சேர்ந்ததும் புலி வந்துவிட்டதே என்றார் பாங் சோங். சந்தை பக்கத்தில்தான் இருக்கிறது, ஹான்டானோ வெகு தூரம், என்னைப் பற்றிக் கதை கட்டுவோர் மூன்று பேருக்கும் மேல், ஆகவே விசாரித்து முடிவெடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். நானே தீர விசாரிப்பேன் என்று அரசர் வாக்களித்தார்.

ஆனால் நடந்தது வேறு. பாங் சோங் போய்ச் சேர்வதற்குள் அவதூறுகள் அரசரின் காதுக்கு வந்துவிட்டன. பிற்காலத்தில் இளவரசர் திரும்பி வந்தபோதும், பாங் சோங்குக்கு அரசரைச் சந்திக்க அனுமதி கிடைக்கவில்லை.

கசப்பு இங்கேதான் இருக்கிறது. அரசர் பாடம் தெரியாதவர் அல்லர். பாடத்தைக் கேட்டு, ஒப்புக்கொண்டு, வாக்கும் கொடுத்துவிட்டு அதே குழியில் விழுந்தார். இத்தொடர் பொய் சொல்பவரை மட்டும் குத்தவில்லை, எண்ணிக்கையைப் பார்த்து நம்புகிறவரையும் சேர்த்தே குத்துகிறது.

அந்தப் புலியை நாமும் பார்த்திருக்கிறோம். 2018 பெப்ரவரியில் அம்பாறையில், ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடை உணவில் மலட்டு மாத்திரை கலந்திருப்பதாகக் கதை பரவியது. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பின்னர் அரச இரசாயனப் பகுப்பாய்வில் அது வெறும் மாவுக் கட்டி என்று தெரிந்தது. உண்மை வெளிவந்தபோது உடைந்தவை உடைந்தே கிடந்தன.

அன்று நாம் பாங் சோங்கின் இடத்தில் நின்றோம். ஆனால் நம் கைபேசியில் நாம் எத்தனை தடவை அந்த அரசராக இருந்திருக்கிறோம்? அயலவரைப் பற்றி, வேறு சமூகத்தைப் பற்றி, நம் ஊர்ப் பிள்ளை ஒன்றைப் பற்றி ஒரே செய்தி மூன்று வட்ஸ்அப் குழுக்களில் வந்ததும் உண்மையென்று எடுத்துக்கொண்டோமே! செய்தி வந்தால் விசாரியுங்கள் என்று சூரா ஹுஜுராத்தின் 6ஆம் வசனம் நமக்குக் கட்டளையிட்டிருக்கிறது. பாடம் நமக்கும் தெரியும். அரசருக்கும் தெரிந்தே இருந்தது.

அடுத்த தடவை ‘அனுப்பு’ என்பதை அழுத்தும் முன், நாம் மூன்றாவது ஆளா என்று ஒரு கணம் யோசிப்போம்.