வெட்டி எடுத்த பிறகு தெரிந்த சுரப்பி

ஓ/எல் விஞ்ஞானத்தில் தைரொயிட் சுரப்பிக்குக் கிடைத்தது அட்டவணையில் ஒரு வரிதான். சுரக்கும் ஓமோன் தைரொட்சின். தொழில் அனுசேபத்தைச் சீராக்கல். பாடமாக்கி எழுதினோம், புள்ளி வந்தது, மறந்துபோனோம். அந்த ஒரு வரியை மனிசர் எப்பிடிக் கண்டுபிடிச்சவை எண்டு அப்ப நாங்கள் கேக்கேல்ல. கலைப்பீடத்துக்கு வந்த பிறகுதான் கேட்டோம். கிடைத்த பதில் அவ்வளவு சுகமானதில்லை.

19ஆம் நூற்றாண்டின் சுவிட்சர்லாந்து. மலைப்பகுதி மண்ணில் அயடீன் குறைவு. அதனால் கழுத்தில் கழலையோடு நடமாடுவது அங்கே சாதாரணம். கழலை பெருத்தால் மூச்சுக்குழாயை நெரிக்கும். வெட்டப் போனால் இரத்தப்பெருக்கு. பல வைத்தியர்கள் கத்தியைத் தொடவே பயந்தார்கள். 1872இல் பேர்ண் நகரில் பேராசிரியரான தியடோர் கோக்கர் பயப்படவில்லை. நிதானமாக, சுத்தமாக, இரத்தம் அதிகம் சிந்தாமல் வெட்டினார். அவரிடம் வந்தவர்கள் உயிர் பிழைத்தார்கள். சில பேருக்குச் சுரப்பி முழுவதையும் மிச்சமில்லாமல் எடுத்தார். அதற்கு ஏதும் வேலை இருக்கிறதெண்டு அப்போது யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது.

1874இல் 11 வயதுப் பிள்ளை ஒருத்திக்கு அப்படிச் செய்தார். சத்திரசிகிச்சை வெற்றி. பிறகு பிள்ளை மாறிப்போனாள். 1882இல் ஜெனீவா வைத்தியர் ஜாக் லூயி ரெவெர்டான், தன் நோயாளிகளிடமும் இப்படி மாற்றம் கண்டதாகக் கோக்கரிடம் சொன்னார். அதன் பிறகுதான் கோக்கர் தன் பழைய நோயாளிகளைத் திரும்பக் கூப்பிட்டார்.

முழுச் சுரப்பியும் எடுக்கப்பட்டவர்களில் 18 பேர் வந்தார்கள். 16 பேர் கெட்டுப்போயிருந்தார்கள். முகமும் கையும் ஊதி, தோல் வறண்டு, எந்த நேரமும் குளிர், களைப்பு. பேச்சும் யோசனையும் மெதுவாகியிருந்தன. அந்தப் பிள்ளைக்கு ஒரு தங்கை. முந்தி ரெண்டு பேரையும் பாத்தா ஆர் ஆரெண்டு தெரியாதாம். இப்ப தங்கை வளர்ந்த பெண். அக்கா வளராமலே நிண்டிட்டா.

உள்ளே நடந்தது இதுதான். உடற்கலங்கள் எவ்வளவு வேகமாகச் சக்தியைச் செலவழிக்க வேண்டுமெண்டு தைரொட்சின்தான் தீர்மானிக்கிறது. உடல் வெப்பம், இதயத்துடிப்பு, பிள்ளைகளின் வளர்ச்சி எல்லாம் அதில் தங்கியிருக்கின்றன. இரத்தத்தில் அது குறைந்தால் மூளையடியிலுள்ள கபச்சுரப்பி "சுர" என்று தைரொயிட்டைத் தூண்டும். கூடினால் தூண்டுதலைக் குறைக்கும். ஒருசீர்த்திடநிலை எண்டு நாங்கள் படிச்சதுக்கு இது நல்ல உதாரணம். தைரொட்சின் செய்ய அயடீன் வேண்டும். அயடீன் போதாத ஊரில் கபச்சுரப்பி தூண்டிக்கொண்டே இருக்க, தைரொயிட் பெருத்துக்கொண்டே போகும். அதாவது, கழலையே உடல் சமநிலைக்காகப் படுகிற பாடு. வைத்தியர்கள் அதை வெறும் கட்டியாகத்தான் பார்த்தார்கள்.

1883இல் பேர்லினில், சத்திரசிகிச்சை நிபுணர்களின் கூட்டத்தில், கோக்கர் தன் நோயாளிகளுக்கு நேர்ந்ததைச் சொன்னார். இனி இப்படி முழுதாக எடுப்பதில்லை என்றும் முடிவெடுத்தார். ஆனால் மூச்சுக்குழாய் பாதிப்பைக் காரணமாகச் சொன்னது பிழை. சுரப்பி இல்லாமல் போனதே காரணம் எண்டு லண்டனில் பீலிக்ஸ் செமோன் அதே ஆண்டு சொன்னார். 1888இல் அங்கே ஒரு விசாரணைக் குழு அதை உறுதிப்படுத்தியது. 1891இல் நியூகாசிலில் ஜோர்ஜ் மரே, செம்மறியாட்டுத் தைரொயிட்டின் சாற்றை ஒரு பெண்ணுக்கு ஊசியாக ஏற்றினார். அவர் தேறி, மேலும் 28 வருடங்கள் வாழ்ந்தார்.

1909இல் கோக்கருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ரெவெர்டானுக்கு இல்லை.

இதில எங்களுக்குள்ளயே ஒத்த கருத்து இல்லை. தன் கையால் வந்த கேட்டைத் தானே எண்ணிச் சபையில் சொன்ன நேர்மை பெரிசு எண்டு சிலர். அந்த 8 வருடமும் ஏன் கூப்பிட்டுப் பார்க்கவில்லை எண்டு மற்றவர்கள். ரெண்டும் சரி எண்டுதான் படுது. சத்திரசிகிச்சையின் வெற்றியை நோயாளி வீட்டுக்குப் போற நாளோட எண்ணி முடிச்சதுதான் பிழை.

இலங்கையில் 1995இலிருந்து உணவு உப்புக்கு அயடீன் சேர்ப்பது சட்டம். அடுத்த முறை உப்புப் பைக்கட்டில் அந்தச் சொல்லைக் காணும்போது, வளராமல் நின்ற அந்த அக்காவையும் கொஞ்சம் நினைப்போம்.