வீடும் வலயமும்

அயலாரின் பிள்ளைகளைத் தன் வீட்டில் வைத்துக் கூலிக்குப் பராமரிக்கும் ஒரு தாய் செய்வது இல்லறக் கடமையா, வியாபாரமா? இவ்வினாவுக்கு விடை காண அமெரிக்கச் சட்டம் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு தடுமாறியது. அத்தடுமாற்றத்தின் வரலாறு எமது சிந்தனைக்குரியது.

நகரை வலயங்களாகப் பிரித்து, இன்ன இடத்தில் இன்னதே நடைபெறலாம் என விதிக்கும் முறையை 1916இல் நியூயோர்க் நகரம் முழுமைக்கும் புகுத்தினர். ஒகாயோ மாநிலத்து யூக்கிளிட் என்னும் சிற்றூர் இயற்றிய இத்தகைய விதியை 1926இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் ஏற்றது. தனிவீடுகளின் நடுவே எழும் மாடிக் குடியிருப்புகளை அத்தீர்ப்பு ஒட்டுண்ணிக்கு ஒப்பிட்டது. ஆனால், அவ்வழக்கை முதலில் விசாரித்த கீழ்மன்ற நீதிபதியோ, மக்களை வருமானத்துக்கேற்பப் பிரித்து வைப்பதே இவ்விதியின் பயன் என 1924இலேயே கண்டுகொண்டார். உண்மையை உரைத்த தீர்ப்பு தோற்றது. உடைமையாளரின் அமைதியைக் காத்த தீர்ப்பு வென்றது.

வீடு வேறு, தொழில் வேறு என்பதே வலய விதிகளின் அடிப்படை. ஆயின், பெண்ணுக்கு வீடு என்றைக்குமே வேலைத்தலமாக இருந்துள்ளது. அவளது உழைப்புக்குக் கூலி இல்லாதவரை சட்டம் அதனைக் கண்டுகொள்ளவில்லை. கூலி பெறத் தொடங்கியதும் அதனை வியாபாரம் என்றது.

இரண்டாம் உலக யுத்தம் வேறொரு பாடத்தைப் புகட்டியது. ஆலைகளுக்குப் பெண்கள் தேவைப்பட்டனர். எனவே 1943 முதல் லான்ஹம் சட்டத்தின்கீழ் மத்திய அரசின் பணத்தில் பிள்ளைக் காப்பகங்கள் நாடெங்கும் எழுந்தன. யுத்தம் முடிந்ததும், 1946இல் அப்பணம் நிறுத்தப்பட்டது. 1971இல் காங்கிரஸ் நிறைவேற்றிய பிள்ளை வளர்ச்சி மசோதாவை ஜனாதிபதி நிக்சன் தமது தடையதிகாரத்தால் வீழ்த்தினார். அரசு கைவிட்ட சுமையை அயல்வீட்டுப் பெண்களே பெரிதும் ஏற்றனர்.

அவர்களை எதிர்கொண்டவை உள்ளூர் விதிகள்: அனுமதிக் கட்டணம், பகிரங்க விசாரணை, அயலாரின் ஆட்சேபம், வாகனம் நிறுத்த இடம். சத்தமும் நெரிசலும் பொய்யான குறைகள் என நாம் கூறவில்லை. எனினும், கட்டணம் செலுத்தவும் பகல் விசாரணைக்குச் செல்லவும் இயலாதவர் எவர்? சிறுவருமானக் குடும்பத்துப் பெண்களே அன்றோ!

கலிபோர்னியா மாநிலம் 1983இல் இயற்றிய சட்டம், சிறிய வீட்டுக் காப்பகத்தை வசிப்பிடமாகவே கருத வேண்டும் என நகரசபைகளைப் பணித்தது. பெரிய காப்பகங்களுக்கு அனுமதி கோரும் அதிகாரம் மட்டும் அவற்றிடம் எஞ்சியது. 2019இல் இயற்றப்பட்டு 2020 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்த சட்டம் அதனையும் நீக்கியது. 14 பிள்ளைகள் வரை பராமரிக்கும் இல்லமும் இன்று அங்கே சாதாரண வீடே. மாநில உரிமமும் தீப்பாதுகாப்பு விதிகளும் நீங்கவில்லை; நீங்கவும் கூடாது. பிள்ளையின் பாதுகாப்பு வேறு, அயலாரின் வெறுப்பு வேறு என்பதைச் சட்டம் ஈற்றில் உணர்ந்தது.

இது வெற்றியே, முழு வெற்றி அன்று. கதவைத் திறக்க அனுமதித்த சமுதாயம், உள்ளே உழைப்பவளுக்கு நியாயமான கூலி கிடைக்க இன்னும் வழிசெய்யவில்லை. தாய் கொடுக்கக்கூடிய பணமோ சிறிது. பராமரிப்பவளுக்கு வேண்டிய வருவாயோ பெரிது. அவ்விடைவெளியைப் பொதுப்பணமே நிரப்ப முடியும். யுத்தத்துக்காக இயன்றது சமாதானத்துக்காக இயலாதா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.