முன்பும் பின்பும்: வீடு புதுக்கும் நிகழ்ச்சிகள் விட்டுவிடும் வரலாறு

நெய்யாற்றின்கரைக்குக் கிழக்கே, ஒற்றசேகரமங்கலத்தில் தமிழ் பேசும் ஒரு குடும்பத்தின் வீட்டில் கட்டடச் சொற்களைத் தொகுத்துக்கொண்டிருந்த மாலைப்பொழுது அது. தொலைக்காட்சியில் மலையாள வீட்டு நிகழ்ச்சி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டுக்கூரையும் மரநிரையும் கொண்ட பழைய வீடு ஒன்றை முதலில் காட்டினர். இடையில் சிமெண்ட், வண்ணப்பூச்சு, தரையோடு ஆகியவற்றின் விளம்பரங்கள் வந்தன. அவை முடிந்ததும் அதே இடத்தில் வெண்சுவரும் கண்ணாடிச் சாளரமுமாய் ஒரு புது வீடு நின்றது. இல்லத்தரசி கண்கலங்கி நன்றி சொன்னார். கட்டிலில் அமர்ந்திருந்த பாட்டி என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "மக்களே, அந்தப் பத்தாயத்த எங்க கொண்டு போட்டாங்க?"

அந்த வீட்டின் நெற்பெட்டியை நிகழ்ச்சி தொடக்கத்தில் ஓரிரு நொடி காட்டியிருந்தது. பின்னர் அதைப் பற்றிய பேச்சே இல்லை. பாட்டியின் கேள்விக்கு விடை தேடியதன் விளைவே இப்பதிவு.

இவ்வகை நிகழ்ச்சியின் வரலாறு நீண்டதன்று. அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பொதுத் தொலைக்காட்சி 1979இல் 'திஸ் ஓல்ட் ஹவுஸ்' என்ற தொடரைத் தொடங்கியது. முதல் பருவத்தின் 13 பகுதிகளும் ஒரே ஒரு பழைய வீட்டைப் பற்றியவை. தச்சரும் குழாய்ப் பணியாளரும் தம் வேலையைப் பார்ப்பவருக்கு விளக்கினர். 1996இல் பிரிட்டனில் வந்த 'சேஞ்சிங் ரூம்ஸ்' இந்த நிதானத்தைக் கைவிட்டது. அண்டை வீட்டார் இருவர் இரண்டு நாளில், 500 பவுண்டு செலவில், ஒருவர் அறையை மற்றவர் மாற்ற வேண்டும். ஒரு பகுதியில் புதிதாக அமைத்த தொங்கு அலமாரி சரிந்து, வீட்டுக்காரர் நெடுநாள் சேர்த்துவைத்த பழந்தேநீர்க் கெண்டிகள் நொறுங்கின. 2003இல் தொடங்கிய 'எக்ஸ்ட்ரீம் மேக்ஓவர்: ஹோம் எடிஷன்' ஏழே நாளில் முழு வீட்டையும் கட்டித் தந்தது. அவ்வாறு பெற்ற பெரிய வீட்டின் சொத்துவரியும் மின்கட்டணமும் தாங்காமல் விற்றவர்களும், அதை ஈடுவைத்துக் கடன் வாங்கி இழந்தவர்களும் உண்டு. ஒளிபரப்பில் காலம் சுருங்கச் சுருங்க, உழைப்பும் செலவும் கண்ணில் படாமல் மறைந்தன.

செலவைக் குறைத்துச் சொல்வது, உழைப்பாளரை மறைப்பது, விளம்பரத்தை அறிவுரையாக வழங்குவது ஆகிய குறைகளைப் பலரும் எடுத்துரைத்துள்ளனர். அவற்றை நான் மறுக்கவில்லை. ஆயினும் மொழியியல் மாணவருக்கு வேறொரு குறை தெரிகிறது. இந்நிகழ்ச்சிகளில் வீட்டுக்கு இரண்டே நிலைகள் உள்ளன: முன்பு, பின்பு. அவற்றின் வினைகள் யாவும் முற்றுப்பெற்றவை: இடித்தோம், மாற்றினோம், முடித்தோம். முதியோர் தம் வீட்டைப் பற்றிப் பேசும்போது வரும் வினைகளோ வழக்கத்தைக் குறிப்பவை: ஆண்டுதோறும் மேய்வோம், மெழுகுவோம், வெள்ளையடிப்போம், உத்தரத்துக்கு அண்டி எண்ணெய் பூசுவோம். சென்ற காலத்து வழக்கத்தை எதிர்கால வடிவத்தால் சொல்லும் இயல்பு தமிழுக்கு உண்டு. அந்த வடிவத்தில் வாழ்ந்த வீட்டை, 'பழசு' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் நிகழ்ச்சி அடைத்துவிடுகிறது.

தென் திருவிதாங்கூரின் பெரும்பான்மை வீடுகள் முன்பு மண்சுவரும் ஓலைக்கூரையும் கொண்டவையாக இருந்தன. தென்னை அல்லது பனை ஓலை வேய்ந்த கூரையை மழைக்கு முன் மாற்றியாக வேண்டும். மலையாளத்தில் 'புரகெட்டு' எனப்படும் அந்த நாளில் அயலார் கூடுவர். வேலை முடிந்ததும் உணவு உண்டு. பழுதுபார்த்தல் ஆண்டின் ஒழுங்குக்குள் அடங்கிய, ஊரார் பங்குகொள்ளும் செயலாக இருந்தது. வீடு ஒருநாளும் 'முடிந்ததில்லை'.

இதைச் சொல்லும்போது பழமையைப் போற்றிப் பாடும் பிழையை நான் செய்யக்கூடாது. 1887இல் வெளிவந்த மலபார்க் கையேட்டில் வில்லியம் லோகன், குடியிருப்பின் பெயரே சாதிக்கேற்ப மாறியதைப் பதிவுசெய்கிறார். பறையர் வாழுமிடம் சேரி. அடிமைப்பட்ட செறுமருடையது சாள. கைவினைஞரும் தீயரும் வாழ்வது புர அல்லது குடி. நாயருடையது வீடு அல்லது பவனம். நம்பூதிரியுடையது இல்லம், மேல்நிலையினருடையது மன. அரசருடையது கோவிலகம் அல்லது கொட்டாரம். நம் காலத்தில் அனைவருக்கும் பொதுவான 'வீடு' என்ற சொல், அந்த வரிசையில் ஒரு சாதிக்கு மட்டும் உரியது. திருவிதாங்கூரிலும் இவ்வாறான கட்டுப்பாடுகள் இருந்தன. நாடார்கள் குடை பிடிக்கவும் செருப்பணியவும் தடைப்பட்டிருந்த காலத்தில், அவர்களது வீடும் ஒரு நிலைக்குமேல் உயரக் கூடாது என்பது வழக்கு. தோள்சீலைப் போராட்டத்தின் நினைவு நீங்காத இவ்வெல்லைப் பகுதியில், ஒரு குடும்பம் ஓலையைக் களைந்து ஓடு வேய்ந்ததும், பின்னர் மாடி எழுப்பியதும் வெறும் ஆடம்பரம் அல்ல. மறுக்கப்பட்டதைக் கைப்பற்றிய செயல் அது.

ஆகவே புது வீட்டின்மீதான விருப்பத்தை இகழ எனக்கு மனமில்லை. அந்த விருப்பத்தின் வரலாற்றையும் நிகழ்ச்சி அழித்துவிடுகிறது என்பதே என் முறையீடு. ஓட்டுக்கூரை திரையில் 'இருண்ட, பழைய கூரை' ஆகிறது. அதை ஏற்ற யார் எத்தனை தலைமுறை காத்திருந்தார் என்று நெறியாளர் கேட்பதில்லை.

ஓட்டின் வருகைக்கும் ஒரு கதை உண்டு. பாசல் மிஷன் 1865இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியபின், எந்திரத்தில் வார்த்த தட்டையோடு மேற்குக் கடற்கரை நெடுகிலும் பரவியது. 1925இல் திருவிதாங்கூர் நாயர் சட்டம் தனிநபர்ப் பாகப்பிரிவினைக்கு வழி திறந்ததும் பெரிய தறவாடுகள் பல பிரிந்தன. நாலுகெட்டுகள் கழற்றப்பட்டு மரமாக விலைபோயின. 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகியவை சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. ஒரே வகை வீட்டில் வாழ்ந்தவர்கள் இரு மாநிலத்தவர் ஆயினர். 1972இல் எம். என். கோவிந்தன் நாயர் முன்னெடுத்த 'லட்சம் வீடு' திட்டம் ஏழைகளுக்கு உறுதியான கூரை தந்தது. அதே பத்தாண்டில் பெருகிய வளைகுடாப் பணம் காங்கிரீட் வீட்டை ஊர்தோறும் கொண்டுவந்தது.

காங்கிரீட்டின் விலையை ஆறும் மலையும் கொடுத்தன. மணல் அள்ளலால் கேரள ஆறுகள் சிதைந்தபின், 2001இல் ஆற்றங்கரைப் பாதுகாப்புக்கும் மணல் ஒழுங்குமுறைக்கும் தனிச் சட்டம் வந்தது. ஒற்றசேகரமங்கலத்தை ஒட்டி ஓடும் நெய்யாறும் இந்தச் சிதைவுக்கு விலக்கன்று. ஆற்றுமணல் அரிதானதும் பாறையை உடைத்த எம்-சாண்ட் அதன் இடத்தைப் பிடித்தது. இன்னொருபுறம், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கேரளத்தில் 11 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் பூட்டிக் கிடந்ததைக் காட்டியது. குடியிருப்பதற்கு என்பதைவிடக் காண்பதற்கு எனக் கட்டும் போக்கு இவ்வீட்டு நிகழ்ச்சிகளுக்கு முன்பே வேரூன்றிவிட்டது. நிகழ்ச்சி அதற்கு ஓர் அளவுகோலைத் தந்தது.

வேறு வழியும் இதே மாவட்டத்தில் இருந்தது. 1970ஆம் ஆண்டளவில் திருவனந்தபுரத்தில் குடியேறிய லாரி பேக்கர், எலிப்பொறிக் கட்டுமுறையால் செங்கல்லை மிச்சப்படுத்தினார். காங்கிரீட் தளத்தின் நடுவே பழைய ஓடுகளைப் பதித்து சிமெண்டின் அளவைக் குறைத்தார். இடித்த வீடுகளின் கதவையும் சாளரத்தையும் மீண்டும் பயன்படுத்தினார். கொத்தனாருடன் நின்று வேலைசெய்த அவர் 2007இல் மறைந்தார். பழைய பொருளுக்கு ஒரு 'பின்பு' உண்டு என்பதை அவர் கட்டிய சுவர்கள் இன்றும் காட்டுகின்றன. அம்முறையை ஏழு நாளில் படம்பிடிக்க இயலாது; அதில் விற்பதற்குப் பொருளும் குறைவு.

தக்கலை அருகே பத்மநாபபுரம் அரண்மனைக்குச் செல்லும் மாணவர் குழுக்களைக் கவனித்திருக்கிறேன். மரவேலையையும் கருந்தரையையும் வியந்து படம் எடுக்கிறார்கள். தமிழ்நாட்டு மண்ணில் நின்றாலும் கேரளத் தொல்லியல் துறை இடைவிடாது பராமரிப்பதால்தான் அது நிற்கிறது. கட்டணம் செலுத்தி அங்கே காணும் கழுக்கோலும் நிரையும், எளிய அளவில் நம் பாட்டிமார் வீடுகளிலும் இருந்தவையே. அரண்மனையில் அவை மரபு. வீட்டில் அவை குப்பை. இந்தத் தரம்பிரிப்பை நம் கண்ணுக்குப் பழக்கியதில் திரைக்குப் பெரும் பங்கு உண்டு.

அடுத்த பருவத்தில் ஒற்றசேகரமங்கலம் சென்றபோது, அந்தப் பாட்டியின் வீட்டின் முன்பாதி இல்லை. மகன் புதுக்கட்டத் தொடங்கியிருந்தார். நிகழ்ச்சியில் கேட்ட தொகையை மனத்தில் வைத்து இறங்கியவர், "அவங்க சொன்ன கணக்குல பாதி வேலைகூட அடங்கலை" என்றார். மீதிக்குக் கடன் வாங்கியிருந்தார். பாட்டியின் அறையோடு ஒட்டிய கழிப்பறை முடிந்திருந்தது. மழையிரவில் முற்றத்தைக் கடக்க வேண்டியதில்லை என்று அவர் மகிழ்ந்தார். அந்த மகிழ்ச்சியை என் ஆய்வேட்டின் எந்த வரியும் குறைத்துக் காட்டக்கூடாது. பத்தாயம் எங்கே என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்: பலகையாகப் பிரித்து மரக்கடைக்குக் கொடுத்துவிட்டார்களாம்.

என் குறிப்பேட்டில் அந்த வீட்டிலிருந்து பெற்ற சொற்கள் உள்ளன: பத்தாயம், அறைப்புரை, நிரை, கழுக்கோல், மோந்தாயம், சாய்ப்பு, இறை. கூரையின் தாழ்விளிம்பைக் குறிக்கும் 'இறை' சங்க இலக்கியத்தில் வழங்கும் சொல். எல்லைக்கோடு எதுவும் அறியாமல் தமிழிலும் மலையாளத்திலும் வாழ்ந்தது. பொருள் போனபின் சொல் சில காலம் நினைவில் நிற்கும். கேட்பவர் இல்லையெனில் பிறகு அதுவும் போகும்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ பழைய பகுதியை இடிக்க முடிவுசெய்தால், தடுக்க வேண்டாம். அது உங்கள் உரிமையாகவும் இருக்காது. இடிப்பதற்கு முன் ஒரு நாள் கேளுங்கள். ஒவ்வொரு உறுப்பின் பெயரென்ன, எந்த மரம், யார் செய்தது, எப்போது யார் பழுதுபார்த்தார், அதற்கு முன் அங்கே என்ன இருந்தது என்று வீட்டின் மூத்தவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நீள அகலம் அளந்து, படம் எடுத்து, நாளைக் குறியுங்கள். 'முன்பு' என்று திரை இரண்டு நொடியில் கடந்து செல்லும் காலத்துக்குள் சிலருடைய முழு வாழ்வும் இருக்கிறது.