சைக்கிள் போனால் வேலையும் போச்சு: 1948 இத்தாலியப் படம் ராஜபாளையத்துக்காரர்களுக்கு ஏன் புரியும்?

பழைய இத்தாலியப் படம் என்றாலே "கறுப்பு வெள்ளை, புரியாத மொழி, மெதுவா போகும்" என்று ஒதுக்கிவிடுபவர்கள் அதிகம். ஆனால் விட்டோரியோ டி சிகா இயக்கிய 'சைக்கிள் திருடர்கள்' (1948) ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பக்கத்து வீட்டுக் கதை போலத்தான் இருக்கும். முதல்முறை பார்ப்பவர்கள் எதைக் கவனிக்கணும்? பார்க்கலாம் வாங்க.

என்ன கதை?

போர் முடிந்த ரோம் நகரம். வேலையில்லாமல் இருந்த அந்தோனியோவுக்கு போஸ்டர் ஒட்டும் வேலை கிடைக்கிறது. சைக்கிள் இருந்தால்தான் வேலை. அதுவோ அடகுக் கடையில்! மனைவி மரியா வீட்டிலுள்ள படுக்கை விரிப்புகளை அடகு வைத்து அதை மீட்கிறார். வேலைக்குப் போன முதல் நாளே சைக்கிள் திருடுபோகிறது. சின்ன மகன் புரூனோவைக் கூட்டிக்கொண்டு ஊரெல்லாம் தேடுகிறார் அப்பா.

நமக்கு என்ன தொடர்பு?

ராஜபாளையம் மில்களுக்கு ஷிப்ட் நேரம் பார்த்து சைக்கிள் மிதித்தவர்களுக்கு இந்தப் பதற்றத்தை யாரும் விளக்க வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரோட்டக் கூட்டத்தில் அப்பா கையை இறுகப் பிடித்து நடந்தவர்களுக்குக் கடைசிக் காட்சி சட்டெனப் புரியும்.

நடித்தவர் யார்?

ஸ்டுடியோ செட்டை விட்டு நிஜத் தெருவில், நடிகர் அல்லாதவர்களை வைத்துப் படமெடுக்கும் பாணிக்கு 'நியோரியலிசம்' என்று பெயர். அந்தோனியோவாக வரும் லம்பெர்தோ மஜ்ஜொரானி ஓர் ஆலைத் தொழிலாளி. நடித்துவிட்டுத் திரும்பிய பிறகு நிஜத்திலும் அவருக்கு ஆலை வேலை போனது.

வாயசைவு ஏன் ஒட்டவில்லை?

அன்றைய இத்தாலியப் படங்களில் வசனத்தைப் பெரும்பாலும் பிறகு டப்பிங்கில்தான் சேர்த்தார்கள். ஃபெலினியின் 'லா ஸ்ட்ராடா' (1954) படத்தில் அமெரிக்க நடிகர் ஆண்டனி குவினுக்கு இத்தாலியில் பேசியது வேறொருவர். அதனால் உதட்டை விட்டுவிட்டு முகத்தைப் பாருங்கள், முக்கியமாக அந்தப் பையன் முகத்தை.

இந்தியாவுக்கு எப்போது வந்தது?

சத்யஜித் ரே 1950இல் லண்டனில் இதைப் பார்த்தார். 'பதேர் பாஞ்சாலி'க்கு அது பெரிய உந்துதல். 1952இல் பம்பாயில் தொடங்கி மெட்ராஸிலும் நடந்த இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழாவில் இந்தப் படமும் இடம்பெற்றது.

ஒரு விஷயம் மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தலைப்பில் இருப்பது 'திருடன்' அல்ல, 'திருடர்கள்'. ஏன் பன்மை? படம் முடியும்போது தெரியும்.