காட்டுப் புலியை எப்படி எண்ணுறாங்க?

1972-ல் இந்தியா முழுக்கக் காலடித் தடம் பார்த்து எண்ணினார்கள். 1827 புலிகள். தடம் பார்த்தாலே எந்தப் புலின்னு தெரிஞ்சிடும் என்பது நம்பிக்கை. ஆனா ஒரே புலியின் தடம் ஈரமண்ணில் ஒரு மாதிரி, புழுதியில் வேறு மாதிரி விழும்.

2004-ல் ராஜஸ்தானின் சரிஸ்காவில் 16 முதல் 18 புலிகள் என்றது அரசுக் கணக்கு. 2005-ல் தேடினால் ஒன்றுகூட இல்லை! வேட்டைக்காரர்கள் முடித்துவிட்டிருந்தார்கள். காகிதத்துல மட்டும் புலி நடமாடிட்டு இருந்திருக்கு.

இத்தனைக்கும், 1990-களிலேயே நாகரஹொளேயில் தானியங்கி கேமரா வைத்து மாற்றுவழி காட்டியிருந்தார் உல்லாஸ் கரந்த். நம்ம கைரேகை மாதிரி, புலிக்குப் புலி வரி வேறு. சும்மா ஒரு கணக்கு போடுங்க: முதல் சுற்றில் 20 புலிகள் படத்தில் சிக்குது. அடுத்த சுற்றில் 15. அதில் 5 பழைய ஆளுங்க. அதாவது மூணில் ஒண்ணு ஏற்கெனவே பார்த்தது. அப்போ அந்த 20-ம் மொத்தத்தில் மூணில் ஒரு பங்காத்தான் இருக்கணும். ஆக, சுமார் 60. (ரத்தத்துல அணுக்களை எண்ண உங்க ரத்தம் முழுசையுமா எடுக்கிறோம்?) இடையில் நிறைய புலிகள் செத்தாலோ, இடம் மாறினாலோ இந்தக் கணக்கு உதைக்கும்.

2002-ல் தடம் பார்த்து 3642. 2006-ல் கேமராவும் சேர்ந்த புதுமுறையில் 1411. "நாலு வருஷத்துல பாதிக்கு மேல போச்சு"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. அந்த 3642-ஐயே நம்ப முடியாதே!