பாட்டாவும் பேசாத அகழெலியும்

இலங்கைப் பேச்சுத் தமிழில் ‘பாட்டா’ என்பது ஒரு கம்பனியின் பெயரன்று. காலில் போடும் றப்பர் செருப்பு. தெரணியகலையிலோ எஹலியகொடையிலோ எந்தக் கம்பனியின் செருப்பை வாங்கினாலும் அது பாட்டாதான். அப்பெயருக்குரியவர்கள் செக் நாட்டின் ஸ்லின் நகரத்துச் சப்பாத்துத் தொழிற் குடும்பத்தினர். தமது சப்பாத்துகளுக்கு விளம்பரப் படம் எடுப்பதற்கென அவர்கள் 1936இல் அங்கு ஒரு கலையகத்தைக் கட்டினார்கள். செக் அசைவூட்டப் படக்கலையின் ஒரு பெருங்கிளை அங்கிருந்தே வளர்ந்தது. ஹெர்மீனா டிர்லோவாவும், பழைய செதுக்குச் சித்திரங்களை உயிருள்ள நடிகர்களோடு கலந்து 1958இல் ‘அழிவின் கண்டுபிடிப்பு’ என்ற படத்தை எடுத்த காரெல் ஸெமனும் அங்கு பணிபுரிந்தவர்கள்.

இன்னொரு கிளை தலைநகர் பிராக்கில். 1945இல் செக்கோஸ்லோவாக்கியா தன் திரைப்படத் தொழில் முழுவதையும் அரசுடைமையாக்கியது. அதே ஆண்டில் ஓவியர் யிரி திரிங்காவின் தலைமையில் பிராக் கலையகம் தோன்றியது. நூற்றாண்டுகளாக ஊர் ஊராகச் சென்ற பொம்மலாட்டத்தின் மரபு அவர் கையில் திரைக்கு வந்தது. வசூல் கணக்குப் பார்க்காமல் ஒரு பொம்மைப் படத்துக்கு மாதக்கணக்கில் உழைக்க முடிந்ததென்றால், அதற்கு அரசின் சம்பளமே காரணம். எனினும் சம்பளம் தரும் கை வேறொன்றையும் கேட்கும். 1965இல் திரிங்கா எடுத்த ‘கை’ என்ற படத்தில், பூச்செடிக்குச் சட்டி வனைய விரும்பும் எளிய கலைஞனிடம் ஒரு பிரம்மாண்டமான கை தன் உருவத்தையே செய்து தரும்படி வற்புறுத்துகிறது. அவன் செத்த பிறகு அதே கை அரச மரியாதையுடன் அடக்கமும் செய்கிறது. 1969இல் திரிங்கா மறைந்தார். அதன்பின் அந்தப் படம் தடைக்குள்ளானது.

ஸ்டெனெக் மிலரின் அகழெலி இந்த ஆபத்திலிருந்து வேறு வழியில் தப்பியது. 1957இல் வெளிவந்த அதன் முதற்படம், சணல் செடியிலிருந்து ஒரு காற்சட்டை உருவாகும் விதத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லப் பிறந்தது. அதில் அகழெலி பேசியது. பின்னர் எந்த நாட்டுப் பிள்ளைக்கும் விளங்க வேண்டுமென்று மிலர் பேச்சை எடுத்துவிட்டார். எஞ்சியவை சிரிப்பும் வியப்பொலியும். அவற்றுக்கும் அவரது மகள்மாரே குரல் கொடுத்தனர். சிறிய மொழியொன்றின் கலைஞன் உலகத்துக்குச் செல்ல வகுத்த வழியென இதைக் கொள்ளலாம்.

சப்ரகமுவவில் இருந்து பார்த்தால்தான் இதன் பெறுமதி புரியும். 1982இல் ரூபவாஹினி தொடங்கியபோது டைட்டஸ் தொட்டவத்த வெளிநாட்டுக் கார்ட்டூன்களைக் கிராமத்துச் சிங்களத்தில் பேசவைத்தார். அவை மறுபடைப்புகள் என்றே சொல்லத்தக்கவை. ‘பக்ஸ் பனி’ முயல் ‘ஹா ஹா ஹரி ஹாவா’ ஆனது அவரது கைவண்ணம். (தொட்டவத்தவும் மிலரும் 2011இலேயே மறைந்தார்கள்.) ஆனால் கார் பற்றரியில் ஓடும் தொலைக்காட்சியின் முன் குந்தியிருந்த லயத்துப் பிள்ளைக்கு அந்த நகைச்சுவை அயல்வீட்டு மொழியிலேயே கிடைத்தது. இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்கள் நுவரெலியாவைப் போலத் தமிழ் திரண்ட பிரதேசமல்ல; சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடப்பவை. 2007இல் சென்னையிலிருந்து ‘சுட்டி ரீவி’ தொடங்கி, டிஷ் வைத்த வீடுகளுக்குத் தமிழ்க் கார்ட்டூன் வந்தது. அதுவும் மலையகத்தின் தமிழல்ல.

‘டொம் அன்ட் ஜெரி’க்கு மொழி தேவைப்படவில்லை. அத்தொடரில் 1961, 62ஆம் ஆண்டுகளில் வந்த 13 படங்கள் பிராக்கில் செய்யப்பட்டவை. பத்து நாள் வேலைக்கென்று 1959இல் அங்கு போய், 2020இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்த அமெரிக்கர் ஜீன் டைச் அவற்றை இயக்கினார். பனிப்போர் காலமாதலால் படங்களில் ‘ஹொலிவுட்டில் தயாரிக்கப்பட்டது’ என்று எழுதினார்கள். செக் கலைஞர்களின் பெயர்களையும் ஆங்கிலச் சாயலுக்கு மாற்றினார்கள். வாட்ஸ்லாவ் லீட்ல் ‘விக்டர் லிட்டில்’ ஆனார். தேயிலைப் பெட்டியில் கொழுந்து பறித்தவளின் பெயரைக் கண்டிராத நமக்கு இது விளங்காத விஷயமல்ல.

அரசுடைமை, பின்பு தனியார்மயம் என்ற வரிசையும் நமக்குத் தெரிந்ததே. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுக்கு வந்தன. 1992இல் முகாமைத்துவம் மீண்டும் கம்பனிகளிடம் போனது. செக் நாட்டில் 1989இல் ஆட்சி மாறியபின் அரச கலையகங்கள் தனியார் கைக்குப் போயின. தணிக்கை ஒழிந்தது நல்லது. கூடவே சம்பளமும் ஒழிந்தது. தேர்ந்த கைகள் விளம்பரப் படத்துக்கும் வெளிநாட்டுக் கூலிவேலைக்கும் சென்றன.

ஏறத்தாழ ஒரு கோடி மக்களைக் கொண்ட சந்தை ஒரு முழுநீள அசைவூட்டப் படத்தின் செலவைத் தாங்காது. ஆகவே இன்று அவர்கள் அயலாருடன் கூட்டுச் சேர்கிறார்கள். ‘எலிகளுக்கும் சொர்க்கத்தில் இடமுண்டு’ என்ற 2021ஆம் ஆண்டுப் பொம்மைப் படத்தைச் செக், பிரான்ஸ், போலந்து, ஸ்லோவாக்கியா ஆகிய நான்கு நாடுகள் சேர்ந்து எடுத்தன. அகழெலியும் 2016இல் சீனத் தொலைக்காட்சியின் கூட்டுடன் ஒரு பண்டாவுக்கு நண்பனானது. என் கண்ணுக்கு அது பழைய அகழெலியல்ல. மாறாக, பிராக் திரைப்படக் கல்லூரி மாணவி தாரியா கஷ்சேவா எடுத்த ‘மகள்’ என்ற பொம்மைக் குறும்படம் 2020இல் ஒஸ்கார் பரிந்துரை வரை சென்றது. திரிங்காவின் மரபு கலையகத்தை இழந்தும் கல்லூரியில் உயிரோடிருக்கிறது.

நமது வாசகர் தேடிப் பார்க்க வேண்டியது மிகாலா பாவ்லாடோவாவின் 2021ஆம் ஆண்டுப் படம். ஆப்கானியர் ஒருவரை மணந்து காபூலில் அவரது குடும்பத்தோடு வாழவரும் செக் பெண்ணின் கதை அது. அந்த வீட்டின் பாட்டனார், மச்சினி, வளர்க்க வந்த சிறுவன் மாட் ஆகியோர் செய்தித்தாளில் வரும் ஆப்கானியராக இல்லாமல், சண்டையும் பாசமும் உள்ள மனிதர்களாக வருகிறார்கள். அதே ஆண்டு அன்னெசி விழாவில் அப்படம் நடுவர் விருதைப் பெற்றது. சில வாரங்களில் காபூல் தாலிபான்களின் கையில் விழுந்தது.