மறிச்சுக்கட்டிக்கு ஒரு நாள் பயணம்: உம்மும்மாவின் ஊரும் முத்துக் குளிப்பும்

சென்ற விடுமுறையில் நாங்கள் குடும்பமாக ஒரு வேன் பிடித்து, புத்தளத்திலிருந்து முசலிப் பக்கம் போய்வந்தோம். உம்மும்மா, வாப்பா, சாச்சா, பிள்ளைகள் என்று பதினொரு பேர். "சொந்த ஊர்" என்ற இடத்தில் நம் பிள்ளைகள் புத்தளம் என்றே எழுதுகிறார்கள். அவர்கள் பிறந்த ஊர் அதுதான், பிழை சொல்ல முடியாது. ஆனால் 1990க்கு முன்னால் நமக்கு ஒரு கதையே இல்லாததுபோல அவர்கள் வளர்வதுதான் எங்களை அந்தப் பயணத்துக்குக் கிளப்பியது.

புத்தளத்திலிருந்து எழுவன்குளம், வில்பத்து வழியாக நேரே வடக்கே போனால் மறிச்சுக்கட்டி கிட்டத்தான். அந்தப் பாதையைப் பற்றி இருக்கிற வழக்கு, வம்பெல்லாம் நீங்கள் அறிந்ததே. நாங்கள் அநுராதபுரம், மதவாச்சி, செட்டிகுளம் என்று சுற்றித்தான் போனோம். இரண்டு மடங்குக்கும் மேலான தூரம். முருங்கனுக்குக் கிட்ட கட்டுக்கரைக்குளம் வந்ததும் அதுவரை தூங்கிக்கொண்டு வந்த உம்மும்மா எழும்பி உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்து சிலாவத்துறை வரை அவர்தான் வழி சொன்னார். சாரதிக்கு வேலை குறைவு.

சிலாவத்துறை என்ற பெயரிலேயே பாதி வரலாறு இருக்கிறது. சிலாபம், சலாபம் என்பது முத்துக் குளிப்புக்குப் பழைய தமிழ்ச் சொல். சிலாபத்துறைதான் பேச்சில் சிலாவத்துறை ஆனது. 1344இல் இப்னு பதூதா புத்தளத்துக்கு வந்தபோது ஆரியச் சக்கரவர்த்தியிடம் முத்துக் குவியலைக் கண்டதாக எழுதியிருக்கிறார். அந்த முத்தெல்லாம் இந்த மன்னார்க் கடலில் விளைந்ததுதான்.

கொஞ்சம் வடக்கே அரிப்பு. கடலோரத்தில் டொரிக் மாளிகை இடிந்து நிற்கிறது. முதலாவது ஆங்கிலேய ஆளுநர் பிரெட்ரிக் நோர்த் முத்துக் குளிப்பைப் பார்வையிடக் கட்டியது. மண்மேட்டைக் கடல் அரித்து அரித்துப் பாதிக் கட்டடம் கீழே போய்விட்டது. பக்கத்திலேயே பழைய கோட்டை. கண்டி இராச்சியத்தில் 19 வருடங்களுக்கு மேல் சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ் 1679இல் தப்பி வந்து சேர்ந்த இடம். சுற்றுலா வருகிறவர்கள் இந்த இரண்டு பெயர்களையும் கேட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். நாங்களும் எடுத்தோம். ஆனால் நோர்த் கடலில் இறங்கி ஒரு சிப்பிகூட எடுக்கவில்லை அல்லவா?

இறங்கியவர்கள் வேறு ஆட்கள். கீழக்கரை முஸ்லிம்கள், யாழ்ப்பாணத்தார், அரபு நாட்டிலிருந்து வந்தவர்கள். காலில் கல்லைக் கட்டிய கயிறு, இடுப்பில் கூடை, மூச்சை அடக்கி ஓரிரு நிமிடத்தில் அள்ளுகிற சிப்பி, அவ்வளவுதான் தொழில். மேலே கயிற்றைப் பிடித்திருப்பவரின் கையில்தான் கீழே இருப்பவரின் உயிர். கரைக்கு வந்ததும் சிப்பியை மூன்று பங்காக வைப்பார்கள். இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு, ஒன்று குளித்தவர்களுக்கு. அரசாங்கப் பங்கு மாலையில் ஆயிரம் ஆயிரமாக ஏலம் போகும். வாங்கியவர் சிப்பியை அழுக விட்டு, கழுவி, முத்துப் பொறுக்குவார். நாற்றம் மைல் கணக்கில் அடிக்குமாம்.

1905இல் இந்தக் குளிப்பு மறிச்சுக்கட்டியில் நடந்தது. எட்டுக் கோடிக்கும் அதிகமான சிப்பிகள்! மணல்வெளியில் சில கிழமைகளுக்குள் பல்லாயிரம் பேர் வாழும் ஓலை நகரம் எழும்பி, சில கிழமைகளில் கலைந்தது. அடுத்த வருடம் லெனார்ட் வூல்ப் அங்கே அதிகாரியாக வேலை பார்த்தார். அந்தக் கூட்டம் முழுவதும் குடிக்கத் தண்ணீர் வேண்டுமே? உம்மும்மாவின் மூத்தவாப்பா மாட்டு வண்டியில் தண்ணீர் கொண்டுபோய் விற்றவர் என்பது எங்கள் வீட்டில் காலங்காலமாகச் சொல்லி வருவது. அவர் பெயர் எந்த அறிக்கையிலும் இராது. ஆனால் தண்ணீர் அள்ளிய கிணறு கரடிக்குளிப் பக்கம் இன்னும் இருக்கிறது. பற்றையை விலக்கிப் பார்த்தோம். "கட்டு உடைஞ்சி போச்சி, ஊத்து எங்கட ஊத்துத்தான்" என்றார் உம்மும்மா. ஒரு வாளி இறைத்துக் கொடுத்தோம். உப்பில்லை.

1990 ஒக்டோபர் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. வடக்கிலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டோம். எங்களில் சிலர் அன்று கைக்குழந்தைகள். மனிதர் இல்லாத இருபது வருடத்தில் ஊருக்குள் காடு வளர்ந்தது. 2009இல் யுத்தம் முடிந்து திரும்பிப் போனால், 2012இலும் 2017இலும் வந்த வர்த்தமானிகளில் அந்தப் பக்கத்துப் பல நிலங்கள் ஒதுக்குக் காடு, பேணற்காடு. காட்டைக் காப்பாற்ற வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. உண்மையான காடும் அங்கே உண்டு, அதில் கை வைத்தவர்கள் இருந்தால் சட்டம் பார்க்கட்டும். ஆனால் மையவாடியில் மீஸான் கல்லும், பள்ளியின் அத்திவாரமும், தென்னையும் கிணறும் இருக்கிற இடத்தை ஆதிக்காடு என்று சொல்வது எப்படிச் சரியாகும்? பக்கத்து முள்ளிக்குளத்துக் கத்தோலிக்கச் சகோதரர்களும் 2007இல் ஊரை விட்டுவிட்டு வருடக் கணக்கில் இதே பாடுதான் பட்டார்கள். எங்களுக்கு மட்டும் நடந்த அநியாயம்போலப் பேசுவது நியாயமில்லை.

மையவாடியில் உம்மும்மா ஏழு கப்றுகளை அடையாளம் சொன்னார். எழுத்துள்ள கல் ஒன்றே ஒன்று. மற்றவை மரத்தையும் மேட்டையும் வைத்துச் சொன்னவை. பிள்ளைகள் பெயர்களை எழுதி, கொப்பியில் ஒரு படமும் கீறினார்கள். யாஸீன் ஓதிவிட்டு அஸருக்குப் பிறகு திரும்பினோம்.

உங்கள் வீடுகளில் பழைய காணி உறுதி, பாடசாலை இடாப்பு, நிக்காஹ் பதிவு, 90க்கு முந்திய குடும்பப் படம் எது இருந்தாலும் போன் கெமராவில் பிடித்து வையுங்கள். கிணறு, வயல், குளக்கட்டு இவற்றின் பெயர்களை வயதானவர்களிடம் கேட்டுக் கீழே எழுதுங்கள். ஊரூராகச் சேர்த்து ஒரு கொப்பியாக்க இருக்கிறோம். அடுத்த விடுமுறையில் வாப்பாவின் பக்கம், எருக்கலம்பிட்டி, இன்ஷா அல்லாஹ். வேனில் இரண்டு இடம் இருக்கும்.